அளந்து வைக்காத கிணறு: ஒரு சரளைக் குவாரியில் நான் பட்ட பாடு

கணக்கு எழுதத்தான் அந்தச் சரளைக் குவாரிக்குப் போனேன். மூன்றாவது மாதம் மேலாளர் வேலையை விட்டுப் போய்விட்டார். புது ஆள் வரும்வரை நீயே பார்த்துக்கொள் என்று முதலாளி ஒரு சாவிக்கொத்தையும் தடிமனான ஒரு ஃபைலையும் மேசையில் வைத்தார். ஃபைலின் முதுகில் 'சுற்றுச்சூழல்' என்று எழுதியிருந்தது. உள்ளே அனுமதிக் கடிதம், நிபந்தனைகள், மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு வரைபடம். ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். எல்லாம் முன்பே யாரோ செய்து முடித்த வேலை என்று நினைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். புது ஆள் வரவே இல்லை. அடுத்த இரண்டு வருடம் அந்த ஃபைலில் இருந்த ஒவ்வொரு வரியும் என் வீட்டுக் கதவைத் தட்டாத குறைதான். இதே மாதிரி ஒரு ஃபைலை யாராவது உங்கள் மேசையில் வைத்தால் உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் அடி தண்ணீரில் விழுந்தது. எங்கள் குவாரியில் சரளையைச் சலித்துக் கழுவித்தான் அனுப்புவோம். கழுவிய கலங்கல் தண்ணீர் ஒரு குட்டைக்குப் போகும், மண் அடியில் படியும், மேலே தெளிந்தது வழிந்து பக்கத்து ஓடைக்குப் போகும். வெயில் நாட்களில் எல்லாம் ஒழுங்காக நடப்பது போலத்தான் தெரிந்தது. முதல் பெருமழை விடிய விடியப் பெய்தது. காலையில் ஓடைக்குக் கீழே விவசாயம் பார்க்கும் ஒருவர் கண்ணாடி பாட்டிலில் ஓடைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். பால் ஊற்றிய டீயின் நிறம். "இதைத்தான் மாடு குடிக்கணுமா தம்பி?" என்று பாட்டிலை என் கணக்குப் புத்தகத்தின் மேல் வைத்தார். நான் மழை என்றால் ஓடை கலங்கத்தானே செய்யும் என்றேன். அவர் சண்டை போடவில்லை. எங்களுக்கு மேலே இருக்கும் பாலத்துக்குக் கூட்டிப்போய் அங்கே ஓடும் தண்ணீரைக் காட்டினார். அதுவும் கலங்கல்தான், ஆனால் கீழே கால் வைத்தால் பாதம் தெரிந்தது. நான்காம் நாள் ஆய்வுக்கு வந்தார்கள். ஐந்தாம் நாள் வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு. மொத்தம் 11 வாரம் கதவைப் பூட்டி வைத்திருந்தோம்.

அந்த 11 வாரத்தில் நான் செய்த முதல் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். குட்டை போதவில்லை, அதனால்தான் வழிகிறது என்று நினைத்து, பொக்லைனை வைத்து இரண்டு நாள் ஆழப்படுத்தினேன். சோதித்துப் பார்த்ததில் ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம்தான் அந்த விவசாயி விட்டுப்போன பாட்டில் ஞாபகம் வந்தது. கழுவிய தண்ணீரை அதில் நிரப்பி, நன்றாகக் குலுக்கி, ஜன்னல் ஓரம் வைத்தேன். மணல் சில நொடிகளில் அடியில் உட்கார்ந்தது. வண்டலில் பெரும்பகுதி ஒரு மணி நேரத்தில் இறங்கியது. ஆனால் அந்த டீ நிறம் மறுநாள் மாலையும் போகவில்லை. படித்துப் பார்த்ததில் காரணம் புரிந்தது. இப்படிப்பட்ட நுண்ணிய துகள் தண்ணீரில் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.01 மில்லிமீட்டர் விட்டமுள்ள வண்டல் துகள் அசையாத தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்க ஏறக்குறைய 3 மணி நேரம் எடுக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு விட்டமுள்ள, அதாவது 0.002 மில்லிமீட்டர் களிமண் துகளுக்கு 25 மடங்கு நேரம் வேண்டும், கிட்டத்தட்ட 77 மணி நேரம். அதுவும் தண்ணீர் துளிகூட அசையாமல் இருந்தால்.

இதிலிருந்து வரும் இன்னொரு விஷயம்தான் என் இரண்டு நாள் பொக்லைன் வாடகையைக் கேலி செய்தது. குட்டை எவ்வளவு நுண்ணிய மண்ணைப் பிடிக்கும் என்பதை முடிவு செய்வது பரப்பளவு, ஆழம் அல்ல. ஆழம் கூடினால் தண்ணீர் உள்ளே தங்கும் நேரம் கூடும், ஆனால் துகள் இறங்க வேண்டிய தூரமும் அதே அளவு கூடிவிடும். ஆழத்தால் கிடைக்கும் முக்கிய லாபம், அடியில் சேறு சேர இடம் இருக்கும் என்பதுதான். மணிக்கு 100 கன மீட்டர் தண்ணீர் வருகிறது என்றால், 0.01 மில்லிமீட்டர் வண்டலைப் பிடிக்கக் கணக்குப்படி சுமார் 310 சதுர மீட்டர் போதும். காற்று, சுழல் எல்லாம் இருப்பதால் நடைமுறையில் அதைவிட இரண்டு மடங்காவது வைத்துக்கொள்ளுங்கள். அதே தண்ணீரில் 0.002 மில்லிமீட்டர் களிமண்ணைப் பிடிக்க 7,700 சதுர மீட்டர் வேண்டும். யாரிடம் அவ்வளவு இடம் இருக்கிறது?

எங்கள் குட்டையில் இன்னொரு கூத்தும் இருந்தது. தண்ணீர் உள்ளே வரும் குழாயும் வெளியே போகும் மடையும் ஒரே கரையில், ஏழெட்டுத் தப்படி தூரத்தில். உள்ளே வந்த தண்ணீர் குட்டையைச் சுற்றிப் பார்க்காமல் நேராக மடைக்குப் போய்க்கொண்டிருந்தது. குட்டையின் முக்கால் பங்கு சும்மா கிடந்தது. ஒரு கூடை மரத்தூளை உள்வாயில் கொட்டிப் பார்த்தேன், சில நிமிடங்களில் மடையில் வந்து நின்றது. உங்கள் குட்டையிலும் இதைச் செய்து பாருங்கள், செலவே இல்லாத சோதனை. நாங்கள் மடையை எதிர்க்கரைக்கு மாற்றி, நடுவில் இரண்டு குறுக்குக்கரை போட்டுத் தண்ணீரை வளைந்து வளைந்து போக வைத்தோம். முன்னால் ஒரு சின்னக் குட்டை தோண்டி, மணலையும் பெரிய வண்டலையும் அதிலேயே பிடித்தோம். அதை வாரம் ஒருமுறை பொக்லைன் ஒரு மணி நேரத்தில் அள்ளிவிடும். மிச்சக் களிமண்ணுக்குத் துகள்களைத் திரட்டி இறக்கும் பாலிஅக்ரிலமைடு மருந்து. அதில் எதிர்மின்னேற்றம் உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள். நேர்மின்னேற்றம் உள்ளது மீன்களின் செவுளில் ஒட்டிக்கொண்டு அவற்றைக் கொல்லும். வாங்குவதற்கு முன் வாளியில் உங்கள் சொந்தத் தண்ணீரை வைத்துச் சோதியுங்கள், ஒரு இடத்து மண்ணுக்குப் பிடித்த மருந்து இன்னொரு இடத்தில் வேலை செய்யாமல் போகலாம். கடைசியாக, தெளிந்த தண்ணீரை ஓடைக்கு விடாமல் பம்ப் வைத்துக் கழுவும் இடத்துக்கே திருப்பிவிட்டோம். ஓடைக்குப் போகும் தண்ணீரே இல்லை என்றால் அதன் நிறத்தைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்?

ஆனால் உண்மையில் அன்று எங்களைக் கவிழ்த்தது கழுவிய தண்ணீர்கூட அல்ல. மேட்டிலிருந்து சுத்தமாக இறங்கிவந்த மழைத்தண்ணீர் குவாரிச் சாலை வழியாக உள்ளே நுழைந்து, மண்குவியல்களைக் கரைத்துக்கொண்டு, குட்டைக்குள் போய் அதை நிரப்பிக் கொப்பளிக்க வைத்திருந்தது. மேட்டுப் பக்கம் எல்லையோரமாக ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தால் அந்தத் தண்ணீர் எங்களைத் தொடாமலே சுற்றிக்கொண்டு போயிருக்கும். பிறகு வெட்டினோம், இரண்டரை நாள் வேலை. 11 வாரக் கூலி, தவறிய ஆர்டர்கள் ஒரு பக்கம், இரண்டரை நாள் வேலை இன்னொரு பக்கம். கணக்கு எழுதுகிறவனுக்கு இந்த இரண்டு வரியையும் அடுத்தடுத்து எழுதுவது ரொம்ப வலித்தது. அழுக்குத் தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்வது என்று யோசிப்பதற்கு முன், சுத்தமான தண்ணீர் எங்கே அழுக்காகிறது என்று மழையில் குடையோடு ஒரு சுற்று நடந்து பாருங்கள். வெயிலில் நடந்தால் தெரியாது.

சரி, இது போய் மூச்சு விடுவதற்குள் கிணறு வந்தது. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். குவாரியின் மேட்டுப்பக்கம் சுமார் 150 மீட்டர் தள்ளி ஒரு வயதான அம்மாவின் நிலம். கையால் இறைக்கும் பழைய கிணறு. ஒருநாள் வந்து, "தம்பி, கயிறு எட்டல. உங்க குழி வந்ததுக்கப்புறம்தான்" என்றார். நாங்கள் அப்போது நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டிக்கொண்டிருந்தோம். குழி பெரிய குளமாக நின்றது. தண்ணீருக்குள்ளிருந்தே சரளையை அள்ளினோம், இறைத்து வெளியே விடவில்லை. அதனால் எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. "நாங்கள் தண்ணீர் இறைக்கவே இல்லையேம்மா, பிறகு எப்படி உங்கள் கிணறு இறங்கும்? இந்த வருடம் மழை குறைவு, அதுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதே மாதத்தில் பள்ளத்துப் பக்கம் நிலம் வைத்திருந்த இன்னொருவர் வந்து, வயல் காயவே மாட்டேன் என்கிறது, கால் புதைகிறது என்று புலம்பினார். ஒருவருக்குத் தண்ணீர் இல்லை, இன்னொருவருக்குத் தண்ணீர் அதிகம், இரண்டுக்கும் நாங்கள்தான் காரணமா என்று அலுவலகத்தில் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

புகார் எழுத்தில் வந்தபிறகு ஒரு நிலத்தடி நீர் ஆலோசகரை அழைத்தோம். அவர் ஒரு காகிதத்தில் சாய்வாக ஒரு கோடு போட்டார். நிலத்தடி நீர்மட்டம் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இப்படிச் சாய்ந்துதான் இருக்கும் என்றார். அதன் நடுவில் ஒரு படுக்கைக் கோடு போட்டார். "இது உங்கள் குளம். குளத்துத் தண்ணீர் சாய்ந்து நிற்குமா?" அவ்வளவுதான் கேட்டார். நீர்மட்டம் 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் சாய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரோட்டத்தின் திசையில் 200 மீட்டர் நீளத்துக்குக் குழி தோண்டினால், முன்பு இரண்டு முனைகளுக்கும் 2 மீட்டர் வித்தியாசம் இருந்திருக்கும். குளமானதும் அது சமமாகிவிடும். மேட்டு முனையில் ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்கும், பள்ளத்து முனையில் ஒரு மீட்டர் ஏறும். குழியிலிருந்து தள்ளிப் போகப்போக இந்த மாற்றம் குறையும், ஆனால் பக்கத்தில் இருக்கும் கிணறுகளுக்குப் போய்ச் சேரும். ஒரு சொட்டு இறைக்க வேண்டியதில்லை. போதாததற்கு மண்ணுக்குள் மூடியிருந்த தண்ணீரைத் திறந்து வெயிலில் வைத்திருக்கிறோம், அது ஆவியாகிக்கொண்டும் இருக்கிறது. நாங்கள் சிரித்த இரண்டு புகார்களும் ஒரே படத்தின் இரண்டு முனைகள்.

அப்படியானால் அந்த அம்மாவின் கிணறு இறங்கியதில் எங்கள் பங்கு எவ்வளவு, மழைக்குறைவின் பங்கு எவ்வளவு? ஆலோசகர் கேட்ட முதல் கேள்வி, தோண்டுவதற்கு முந்தைய அளவுகள் எங்கே என்பது. ஃபைலில் அது ஒரு நிபந்தனையாகவே இருந்தது. சுற்றியுள்ள கிணறுகளை மாதம் ஒருமுறை அளந்து பதிவு செய்ய வேண்டும் என்று அச்சடித்து வைத்திருந்தார்கள், யாரும் அளக்கவில்லை. எங்களிடம் ஒரு எண்கூட இல்லை. வேடிக்கை என்னவென்றால் அந்த அம்மாவிடம் இருந்தது. கிணற்றுக் கயிற்றில் முடிச்சுகள் போட்டிருந்தார். கோடைக்கு ஒன்று, மழைக்குப் பின் ஒன்று, மழையே பொய்த்த ஒரு வருடத்துக்கு ஒன்று. இப்போதைய தண்ணீர் அந்தப் பொய்த்த வருட முடிச்சுக்கும் கீழே இருந்தது. லட்சக்கணக்கான டன் சரளையை எடைபோட்டு விற்ற எங்களிடம் இல்லாத ஆதாரம் ஒரு கயிற்றில் இருந்தது. கிணற்றை ஆழப்படுத்தும் செலவு முழுவதையும் நாங்களே ஏற்றோம். பாதி எங்கள் தப்பாக இல்லாமலும் இருக்கலாம், ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை, வாயைவிட எண் இல்லை. பள்ளத்து வயலுக்கு வடிகால் வெட்டிக்கொடுத்ததும் சேர்ந்தது.

அளப்பது பெரிய வித்தையெல்லாம் இல்லை. மண்ணைத் தொடுவதற்கு ஒரு முழு வருடம் முன்பே தொடங்குங்கள், அப்போதுதான் கோடையும் மழையும் இரண்டும் பதிவாகும். மேட்டுப்பக்கம் ஒன்று, பள்ளத்துப் பக்கம் ஒன்று என்று நிலத்தடி நீர்மட்டம் பார்க்கும் அளவுக்குழாய்கள் இறக்குங்கள், கூடவே சுற்றியுள்ள கிணறுகள். ஒவ்வொரு கிணற்றின் விளிம்பிலும் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்து எப்போதும் அங்கிருந்தே அளக்க வேண்டும். நாங்கள் தொடங்கியபோது ஒருவன் சுவர் மேலிருந்தும் இன்னொருவன் தரையிலிருந்தும் அளந்து, இரண்டு மாத எண்கள் குப்பைக்குப் போயின. அன்று காலை அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்தார்களா என்பதையும் எழுதுங்கள். எழுதியதில் ஒரு பிரதியைக் கிணற்றுக்காரருக்கே கொடுத்துவிடுங்கள். நம் ஃபைலில் மட்டும் இருக்கும் எண்ணை யாரும் நம்பமாட்டார்கள், அவர்கள் வீட்டிலும் இருந்தால்தான் அது எண். இன்னும் தோண்டாதவர்களுக்கு ஒன்று: குழியின் நீளத்தை நீரோட்டத்துக்குக் குறுக்காக வையுங்கள், அல்லது நடுவில் தோண்டாத பட்டைகளை விட்டுச் சின்னச் சின்னக் குளங்களாகப் பிரியுங்கள். 200 மீட்டர் ஒரே குளத்துக்குப் பதில் 100 மீட்டரில் இரண்டு என்றால் முனையில் வரும் மாற்றம் பாதியாகிறது. அந்தப் பட்டையில் கிடக்கும் சரளையை விட்டுவிட முதலாளிகளுக்கு மனசு வராது. கிணறு வெட்டிய பில்லைக் காட்டினால் வரும்.

தூசியில் நாங்கள் பட்டது குறைவு, ஆனால் ஒரு பாடம் உண்டு. புகார் வந்ததும் டேங்கர் வைத்துச் சாலை முழுக்கத் தண்ணீர் ஊற்றினோம். சாலை சேறாகி, டிப்பர் டயர்களில் ஒட்டிக்கொண்டு ஊர்ச்சாலை வரை போய், அங்கே காய்ந்து, எல்லா வண்டிகளும் சேர்ந்து அதைப் பறக்கவிட்டன. கொஞ்சமாக, அடிக்கடி தெளிப்பதுதான் சரி. அதைவிட மலிவானது வேகத்தைக் குறைப்பது, மண்சாலையில் வண்டியின் வேகம் குறைந்தாலே தூசி கண்ணுக்குத் தெரிந்து இறங்கும். கன்வேயரின் முனையிலிருந்து சரளை விழும் உயரத்தையும் குறையுங்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியும் தூசியைப் பார்த்து ஏமாறாதீர்கள். சரளையில் சிலிக்காவாலான குவார்ட்ஸ் கனிமம் இருந்தால், உடைக்கும் இடத்தில் நுரையீரலின் அடிவரை போகக்கூடிய சிலிக்கா தூள் கண்ணுக்குத் தெரியாமலே பறக்கும். அதனால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தால் திரும்பிப் போகாது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1997இலேயே இந்தத் தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. உடைக்கும் இடத்தில் எப்போதும் ஈரம் வேண்டும், அங்கே நிற்கும் ஆளுக்கு முகத்தில் கட்டிய துண்டு போதாது.

சத்தத்தைப் பற்றிச் சொன்னால், எங்கள் மீது புகார் வந்தது கிரஷருக்காக அல்ல. வண்டி பின்னால் வரும்போது அடிக்கும் அந்த 'பீப் பீப்'புக்காக. டிப்பர்கள் திரும்பாமலே சுற்றிவரும்படி ஒருவழிப் பாதை போட்டதும் முக்கால்வாசி நின்றது. செலவு, நான்கு அம்புக்குறிப் பலகைகள். மண்மேடு போட்டுச் சத்தத்தைத் தடுப்பதாக இருந்தால் இயந்திரத்தை ஒட்டியோ வீட்டை ஒட்டியோ போடுங்கள், நடுவழியில் போட்ட மேட்டுக்குப் பலன் குறைவு. டீசல் டேங்கைச் சுற்றி அதன் கொள்ளளவைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடிக்கும் தொட்டி கட்டுங்கள். மேலே இருந்த மண்ணை நாம் எடுத்துவிட்டோம், சிந்துகிற எண்ணெய்க்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே வடிகட்ட ஒன்றும் மிச்சமில்லை.

மேல்மண் கதை சோகம். முதலில் வழித்தெடுத்த மேல்மண்ணை அடிமண்ணோடு சேர்த்து ஒரே மலையாகக் குவித்திருந்தார்கள், அதன் மேலேயே வண்டியும் ஓட்டியிருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு பகுதியை மூடிப் புல் விதைத்தோம், அங்கங்கே வழுக்கைத் தலை போலத்தான் முளைத்தது. குவியலின் உள்ளே காற்றுப் போகாமல் மண்ணின் உயிர் அடங்கிவிடும். மேல்மண்ணைத் தனியாக, காய்ந்த நாளில் எடுத்து, இரண்டு மீட்டர் உயரத்துக்குள் பரப்பி, மேலே ஏதாவது பயறு வகையை விதைத்து வையுங்கள். மூடிய பகுதிக்கு நல்ல மண்ணை விலைக்கு வாங்கினோம், எங்கள் மண்ணையே நாங்கள் பாழாக்கிவிட்டு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது, அந்த இரண்டு வருட லாபத்தில் பாதிக்கு மேல் இந்த ஃபைலுக்குள் போயிருந்தது.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை காலையில் நானே டேப்பை எடுத்துக்கொண்டு ஒன்பது கிணறுகளுக்குப் போகிறேன். அந்த அம்மாவின் கிணறு கடைசி. நான் டேப்பை இறக்கும்போது அவர் தன் கயிற்றையும் இறக்குவார். போன மாதம் இரண்டுக்கும் ஒரு சாண் வித்தியாசம் வந்தது. இரண்டாவது முறை அளந்தோம். என் டேப்தான் உள்ளே சுவரில் மாட்டிக்கொண்டிருந்தது.